ஒன்பதாவது டேப்

அத்தியாயம் 5

“தெர்மாஸ் வீட்டுலயே இருக்கு,” என்றாள் நெல்சா.

காணாமல் போன மனிதரின் சமையலறைக்குள் நாங்கள் நுழைந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நேற்று மாலை போலீஸ்காரர்கள் அலமாரி, மெத்தை, மருந்துப் பெட்டி என்று வீட்டையே குடைந்துவிட்டுப் போயிருந்தார்கள். மேடை மேல் கண்ணெதிரே நின்ற தெர்மாஸை ஒருத்தரும் சீண்டவில்லை. பக்கத்தில் மாத்தே என்ற கசப்புத் தேநீரை வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடிக்கும் சுரைக்குடுவை, உறிஞ்சுகுழலோடு கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

“இருந்தா நல்லதுதானே பாஸ். அதுவும் காணோம்னா தேடறதுக்கு ரெண்டு கேஸ் ஆயிருக்கும்,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை. என் பெயர் வாஷிங்டன் ஒலிவேரா. எங்கள் தலைநகர் மொந்தேவிதேயோவில் தெருவுக்கு ரெண்டு வாஷிங்டன் உண்டு, ஆகவே பெயரைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். முன்பு செல்போன் ரிப்பேர் பார்த்தேன். இப்போது துப்பறியும் நெல்சா கார்வஹாலுக்குக் கார் ஓட்டுகிறேன், குடை பிடிக்கிறேன், திட்டு வாங்குகிறேன்.

காணாமல் போனவரின் மகள் ஹிமேனா ஃபிரிட்ஜ் கதவில் சாய்ந்து நின்றாள். கையில் அப்பாவின் இன்சுலின் ஊசி. அதை வைத்துவிடச் சொல்லி இரண்டு தடவை சொல்லியாயிற்று; அவள் வைக்கவில்லை. அப்பா அனிபால் கோதினாவுக்கு எழுபத்து நாலு வயது. முப்பத்தோரு வருஷம் இதே ஊரில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேற்று புதன்கிழமை காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. திரும்பி வரவும் இல்லை. செல்போனை வழக்கம்போல மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். இப்போது வியாழன் பகல் ஒரு மணி. வெளியே மழை, ஜூலைக் குளிர்; எங்களுக்கு ஜூலைதான் குளிர்காலம்.

“இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஊசி போடலேன்னா…” என்று ஆரம்பித்த ஹிமேனா மேலே சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை எங்களிடம் ஏற்கெனவே நாலு தடவை சொல்லிவிட்டாள்.

“உங்கப்பா ரிவேரா ஊருக்குப் போயிருக்கார்னு போலீஸ் சொல்லுது. பஸ்ல எவ்வளவு நேரம்?” என்று நெல்சா கேட்டாள்.

“ஏழு மணி நேரம்.”

“ஏழு மணி நேரப் பயணத்துக்கு நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் தெர்மாஸ் இல்லாம பஸ் ஏறுவாரா?”

ஹிமேனா முதல் தடவையாக நிமிர்ந்தாள். “எங்கப்பா குளிக்கப் போனாலே அதை இடுக்கிட்டுப் போற ஆளு.”

“அப்ப எதுக்கு விட்டுட்டுப் போனார்?”

“வெறும் வயித்துல இருக்கணும்னு…” அவள் குரல் உடைந்தது. “அப்பா டெஸ்ட்டுக்குத்தான் போயிருக்கார்!”

“மேடம், தெர்மாஸை வச்சு ஜோசியம் பாக்கவா உங்களைக் கூப்பிட்டோம்?” என்றான் வாசலில் நின்ற லிசாண்ட்ரோ. ஹிமேனாவின் கணவன். கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருந்தான். “அவர் வரவே இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. லேப்டாப்ல ரிவேரா பஸ் டிக்கெட் பக்கம் திறந்தே கிடக்கு. அங்க அவர் தம்பி இருக்கார். ‘ஒருநாள் சொல்லாம ரிவேராவுக்குப் போயிடுவேன்’னு மாமா வாய் ஓயாம சொல்லுவார். நான் கிளம்பறேன்.”

“தம்பி வீட்டுக்குப் போய்ச் சேரலையே?”

“வழியில எங்கயாவது இறங்கியிருப்பார். அதான் போலீஸ் ஐந்நூறு கிலோமீட்டரும் விசாரிச்சுக்கிட்டுப் போகுது.”

“லேப்டாப்பைப் பாத்துட்டுப் போ,” என்றாள் நெல்சா.

லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் திறந்தபடி இருந்தது. ராத்திரி முழுக்க ஹிமேனா அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள், அதில் அப்பா வந்து நிற்பார் என்பது போல. திரையில் ரிவேரா டிக்கெட் பக்கம். மேலே, பிரவுசரில் திறந்து வைத்த பக்கங்களின் டேப்கள் ஒரு வரிசையாக.

“நேத்துலேர்ந்து கிடக்கு, எல்லாம் பழைய பக்கம். இருங்க, ரிஃப்ரெஷ் பண்ணித் தர்றேன்,” என்று லிசாண்ட்ரோ கையை நீட்டினான்.

நெல்சா மேடையிலிருந்த தெர்மாஸை எடுத்து அவன் கக்கத்தில் செருகினாள். குடுவையை மறு கையில் திணித்தாள். “இதைப் பிடி. வாஷிங்டன் மட்டும் தொடட்டும்.”

இது எங்கள் ஊர் ஆட்களைக் கட்டிப்போடும் கயிறு. தெர்மாஸும் குடுவையும் கைக்கு வந்துவிட்டால் வேறு எதையும் தொட முடியாது, கீழே வைக்கவும் மனசு வராது. அவன் அப்படியே நின்றான்.

நான் உட்கார்ந்தேன். “மொத்தம் ஒன்பது டேப் பாஸ். முதல் எட்டும் சான் கௌதென்சியோ ஆஸ்பத்திரி. அதுவும் ஜோடி ஜோடியா. முதல்ல ‘உங்கள் முன்பதிவு’ பக்கம், அடுத்து ‘எப்படி வருவது?’ பக்கம். மறுபடி முன்பதிவு, மறுபடி எப்படி வருவது. நாலு ஜோடி. கல்யாண மண்டபம் தோத்துது.”

“அந்த ‘எப்படி வருவது’ பக்கத்துல, மூலையில அம்பு மங்கலா இருக்கே. ஏன்?”

நெல்சாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இருபது வருஷம் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் சொல்கிறவர்களைப் பிடித்தவள். அவளுக்கு மனிதர்களைத்தான் தெரியும்.

“லிங்க்கை அழுத்தினா ரெண்டு விதமா நடக்கும் பாஸ். ஒண்ணு, அதே டேப்ல அடுத்த பக்கம் வரும். அம்பை அழுத்தினா வந்த வழியே திரும்பலாம். இன்னொண்ணு, சைட் தானாவே புது டேப்பைத் திறந்து அதுல காட்டும். புது டேப்புக்குப் பின்கதை கிடையாது. அதான் அம்பு செத்துக் கிடக்கு. பழைய பக்கம் பக்கத்து டேப்ல பத்திரமாத்தான் இருக்கும். ஆனா டேப்னு ஒண்ணு இருக்குன்னு ஆளுக்குத் தெரியணும்.”

“அப்பாவுக்குத் தெரியாது,” என்றாள் ஹிமேனா. “இந்த சைட் நாங்க செஞ்சதுதான். நானும் இவரும் சேர்ந்துதான் வெப்சைட் கம்பெனி நடத்தறோம். லிங்க் அதே டேப்லதான் திறக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ‘வயசானவங்க வர்ற சைட், அவங்களுக்குத் தெரிஞ்சது அந்த அம்பு ஒண்ணுதான், அதைப் பிடுங்காத, புது டேப் வேணும்கறவன் தானே திறந்துக்குவான்’னேன். இவர் கேக்கலை.”

“ஆள் நம்ம சைட்டை விட்டுப் போயிடக் கூடாதுல்ல? புது டேப்ல திறந்தா நம்ம பக்கம் பின்னாடி அப்படியே இருக்கும். பாதிப் பேர் அப்படித்தான் செய்யறான்,” என்றான் லிசாண்ட்ரோ.

“உங்கப்பா நாலு தடவை எப்படி முதல்லேர்ந்து ஆரம்பிச்சார்?” நெல்சா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மாட்டிக்கிட்டா மூலையில இருக்கற இந்தச் சின்னக் கோட்டை அழுத்துங்க, எல்லாம் கீழ போயிடும், மறுபடி ஆஸ்பத்திரி படத்தைத் தட்டுங்கன்னு.” ஹிமேனா டேப்களை விரலால் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு தடவையும் அவர் அங்கே போய் முட்டி, திரும்ப வழியில்லாமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அவளுக்கு அது புரிந்த கணத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“ஒன்பதாவதைக் காட்டு.”

ரிவேரா டிக்கெட் பக்கம். இதில் அம்பு மங்கலாக இல்லை. அழுத்தினேன். பஸ் கம்பெனியின் முதல் பக்கம் வந்தது. மறுபடி அழுத்தினேன். தேடல் பக்கம். இன்னொரு தடவை. வெறும் வெள்ளைப் பக்கம்; அதற்கு மேல் போகவில்லை.

“இந்த வெள்ளை எப்ப வரும்?”

“வரிசைக் கடைசியில ஒரு பிளஸ் குறி இருக்கு பாருங்க. அதை அழுத்தினா வரும். நாமளா ஒரு புது டேப் திறந்துக்க…” பாதியில் நாக்கு நின்றது.

“டேப்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத மனுஷன்,” என்றாள் நெல்சா மெதுவாக, “நாலு தடவை வழி தெரியாம முழிச்சவர், அஞ்சாவது தடவை பிளஸ்ஸை அழுத்தினாராமா?”

மழை ஜன்னலில் அடித்தது.

“வாஷிங்டா, உன் போன்ல அந்த ‘எப்படி வருவது’ பக்கத்தை எடு.”

எடுத்தேன். போனில் ஆஸ்பத்திரி போசித்தோஸ் பகுதியில் இருந்தது. லேப்டாப்பில் அதே பக்கம், அதே தலைப்பு. ஆனால் கட்டடம் ஊரின் மறுகோடியில், பாசோ மொலினோவில் இருந்தது.

“ஐயோ,” என்றாள் ஹிமேனா. “பாசோ மொலினோ பழைய கட்டடம். ஜூன்ல மூடிட்டாங்க.”

“ஒரே பக்கம் ரெண்டு விலாசம் எப்படிச் சொல்லுது?”

“திறந்து வச்ச டேப் போட்டோ மாதிரி பாஸ். பின்னாடி யாராவது திருத்தினாலும் இதுல பழசுதான் நிக்கும். ரிஃப்ரெஷ் பண்ற வரைக்கும்…” சொல்லும்போதே எனக்கு உறைத்தது. போனில் பக்கத்தின் அடிக்குப் போனேன். பொடி எழுத்து. “கடைசியாகத் திருத்தியது: புதன், காலை 11.40.”

“அப்பாவைக் காணோம்னு எனக்குத் தெரிஞ்சதே மத்தியானம் மூணு மணிக்கு,” என்றாள் ஹிமேனா.

“இந்த சைட்டைத் திருத்தறதுக்கு யார் யாரால முடியும்?”

“என்னால முடியும். அப்புறம்…” அவள் திரும்பினாள்.

லிசாண்ட்ரோ தெர்மாஸை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். சாவி சுழலவில்லை.

“பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு போன் வந்துது,” என்றான். “அவங்ககிட்ட இருக்கறது என் நம்பர்தானே. மாமா வரலேன்னாங்க. இங்க வந்து பாத்தேன். பழைய விலாசம் நின்னுது. அந்தப் பக்கத்தை மாத்தச் சொல்லி ஜூன்லயே எழுதியிருந்தாங்க ஹிமேனா. மத்த எல்லா இடத்துலயும் மாத்திட்டேன். இது ஒண்ணு தப்பிச்சிடுச்சு. வேற டேப்ல திறக்குதா, சோதிக்கும்போது நான் அந்த டேப்பைப் பாக்கவே இல்லை. உடனே திருத்திட்டு பாசோ மொலினோவுக்கு ஓடினேன். கேட்ல சங்கிலி போட்டிருந்துது. யாரும் வரலேன்னு வாட்ச்மேன் சொன்னார். சரி, எங்கயாவது சுத்திட்டு வந்துடுவார்னு நினைச்சேன். நீ வந்து லேப்டாப்பைப் பாத்தா தெரிஞ்சுடுமேன்னு…”

“பிளஸ்ஸை அழுத்தி ரிவேரா டிக்கெட்டைத் திறந்து வச்சே,” என்றாள் நெல்சா.

“ஒரு மணி நேரம் தாங்கினா போதும்னு நினைச்சேன். அவர் வரலை. அப்புறம் போலீஸ் வந்துடுச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது?”

சைட்டைத் திருத்தினால் உலகமே திருந்திவிடும் என்று நினைக்கிற தொழில் இது. நடந்த தப்பு எட்டு டேப்களில் அப்படியே நிற்க, மேலே இன்னொன்றைத் திறந்து மறைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறான். புது டேப் வேண்டும் என்கிறவன் தானே திறந்துகொள்வான் என்று பெண்டாட்டி சொன்னாளே, அதற்கு அவனே சாட்சி ஆகிவிட்டான்.

ஹிமேனா கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஊசியைப் பையில் வைத்தாள். “ஒரு நாள் முழுக்க எங்கப்பாவை ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளித் தேட வச்சிட்டியே,” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அடி விழுந்ததுபோல இருந்தது.

“மிச்சத்தைக் கார்ல பேசிக்கலாம். வாஷிங்டா, அந்தப் பழைய பக்கத்தைப் போட்டோ எடுத்துக்க,” என்றாள் நெல்சா.

எல்லோரும் காரில் ஏறினோம். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் ஹிமேனா கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். என் கார் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லை.

பழைய ஆஸ்பத்திரியின் பெரிய கேட்டில் சங்கிலி. சங்கிலியில் துரு. கூண்டில் உட்கார்ந்து எண்ணெய் வடியும் தோர்த்தா ஃபிரித்தா ரொட்டி தின்றுகொண்டிருந்த வாட்ச்மேன் எழுந்திருக்கக்கூட இல்லை.

“ஜூன்லேர்ந்து இதைத் திறக்கலைம்மா. நேத்திக்கும் இவர் வந்து இதையேதான் கேட்டார்,” என்று லிசாண்ட்ரோவைக் காட்டினார். “ஒரு கிழவரும் வரலை. என் கண்ணுக்குத் தப்பி இந்த வழியா ஒரு பூனை போக முடியாது.”

ஹிமேனா மழையில் கேட் கம்பிகளைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். “அவ்வளவுதான். இங்கயும் இல்லை,” என்றாள். நெல்சா எப்போதும் அடுத்த வேலையைச் சொல்லிவிடுவாள். இப்போது அவளும் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதற்காகப் போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினேன். படத்துக்குக் கீழே நாலு வரி இருந்தது.

“காரில் வருவோர் முன்வாசல்,” என்று வாசித்தேன். “பஸ்ஸில் வருவோர்… பின்சந்து நிறுத்தத்தில் இறங்கி, சிறிய கதவு வழியாக நேரே கீழ்த்தளம் செல்லவும்.”

ஹிமேனா எழுந்துவிட்டாள். “அது அப்பாவோட நிறுத்தம். அந்த ரூட்டைத்தான் முப்பத்தோரு வருஷம் ஓட்டினார். இந்த முன்வாசலை அவர் வாழ்நாள்ல பாத்திருக்கவே மாட்டார்!”

“லிசாண்ட்ரோ, நேத்து எதுல வந்தே?” என்றாள் நெல்சா.

“கார்ல,” என்றான் அவன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

ஓடினோம். பின்சந்தில் பஸ் நிறுத்தம். அதற்கு நேர் எதிரே சிறிய இரும்புக் கதவு. பழைய சாமான் பொறுக்குகிறவர்கள் பூட்டை எப்போதோ உடைத்திருந்தார்கள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு, ஈர வாடை. சுவரில் ‘ரத்தப் பரிசோதனை’ என்ற பலகை இன்னும் கழற்றப்படாமல் அம்புக்குறியோடு கீழே போகச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அப்பா!”

பதில் இல்லை. ஹிமேனா மறுபடி கூப்பிட்டாள். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். அப்புறம், கீழேயிருந்து, இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். நின்றது. மறுபடி தட்டியது.

மாடிப்படியின் அடியில் அனிபால் கோதினா சுவரோடு ஒடுங்கிக் கிடந்தார். ஒரு கால் பார்க்கச் சகிக்காத கோணத்தில் திரும்பியிருந்தது. கையில் வீட்டுச் சாவி. அதைக் கைப்பிடிக் கம்பியில் தட்டித் தட்டி விரல் தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது.

நெல்சா என் போனைப் பிடுங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஹிமேனா ஊசியை வெளியே எடுத்தாள். “வேண்டாம், அவங்க வந்து சர்க்கரை பாத்துட்டுப் போடட்டும். அஞ்சு நிமிஷம்தான்,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் நெல்சா.

“வந்துட்டியாம்மா,” என்றார் கிழவர். காற்றுதான் வந்தது. “லைட் இல்லை. படி தெரியலை. ஆள் நடமாட்டமே இல்லையேன்னு திரும்பினேன், விழுந்துட்டேன்.” மூச்சு வாங்கினார். “கிளம்பறதுக்கு முதல் நாள் ராத்திரியே சந்தேகம்தான். புது இடம்னு எங்கயோ படிச்ச ஞாபகம். திரும்பிப் போய் அதைப் பாக்கலாம்னா, பின்னாடி போகவே மாட்டேன்னுடுச்சு. நாலு தடவை முதல்லேர்ந்து போட்டுப் பாத்தேன். உன்னைக் கூப்பிட்டுக் கேக்க வெக்கமா இருந்துது. நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன்.”

“இல்லப்பா,” என்றாள் ஹிமேனா. அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் அழுத்தினீங்க. நாலு தடவையும் சரியாத்தான் அழுத்தினீங்க.”

கிழவரின் பார்வை அவளைத் தாண்டிப் படியில் நின்றவன்மேல் விழுந்தது. லிசாண்ட்ரோ இன்னும் தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். வீட்டில் நெல்சா திணித்ததிலிருந்து, காரில், மழையில், ஓட்டத்தில், எங்கேயும் அதை அவன் கீழே வைக்கவில்லை.

“மாப்பிள்ளையும் வந்திருக்காரா? என் தெர்மாஸை வேற கொண்டு வந்திருக்கார் பார்,” என்று அவர் சிரிக்கப் பார்த்தார். “சூடா இருக்கா?”

“காலியா இருக்கு மாமா.” அவன் ஒரு படி கீழே இறங்கினான். “மாமா, நான்தான் நேத்து…”

“இப்ப இல்லை,” என்றாள் ஹிமேனா, திரும்பாமலே. “அப்பாவுக்கு நடுங்குது. உன் கோட்டைக் கழட்டிப் போத்து.”

அவன் தெர்மாஸையும் குடுவையும் படியில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினான்.